பூனை படியில் போடுவதும் போடாததும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். அதையே முழுசா எடுத்துக்கலாம்னு இருக்கேன்.

திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு ஊர்ல இருந்து ஒரு அக்கா வாட்ஸப்ல குரல் பதிவு அனுப்பியிருந்தாங்க. சுருக்கிச் சொல்றேன். வீட்ல ஒரு பொட்டைப் பூனை, ரெண்டு வயசு இருக்கும். ஒரு நாள் ராத்திரி அது ஒரு பாம்புக்குட்டியைக் கவ்விட்டு வந்து, பாய் விரிச்சுப் படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்துலயே போட்டிருக்கு. பாம்புக்கு உயிர் இருந்திருக்கு. வீட்ல கைக்குழந்தை. மாமியார், "அதைச் சாக்குல போட்டு எங்கயாச்சும் கொண்டு போய் விட்டுட்டு வாங்க"ன்னு பிடிவாதமா நிக்கிறாங்க. வீட்டுக்காரர், "அது போச்சுன்னா மக்காச்சோள மூட்டை பூராம் எலிக்குத்தான்"ங்கிறார். அக்கா கேட்டது இதுதான்: "எல்லாப் பூனையும் இப்படிக் கொண்டாந்து போடுமா, இல்ல எங்க பூனைக்கு மட்டும் வந்த புத்தியா? இதை நிப்பாட்ட வழி இருக்கா?"

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். வெளியில சுத்துற பூனை கொண்டு வந்து போடும். எல்லாப் பூனையும் ஒரே அளவுக்குப் போடாது. சில பூனை வாழ்நாள் பூராம் ஒரு பல்லியைக்கூடக் கொண்டு வராது, சிலது வாரம் தவறாம கொண்டு வரும். ஆனா அக்கா பூனைக்குத் தனியா எந்தப் புத்தியும் வரலை. ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லணும்னா, அது என்ன கொண்டு வருது, அதைவிட முக்கியமா என்ன கொண்டு வரலைன்னு பார்க்கணும்.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவுல பூனை வளர்க்கிற எந்த வீட்ல கேட்டாலும் பட்டியல் ஏறக்குறைய ஒன்னாத்தான் இருக்கும். தை, மாசியில மக்காச்சோளம், குதிரைவாலி, உளுந்தெல்லாம் அறுத்துக் களத்துக்கு வந்திரும். காட்டுல எலிக்கு இருந்த தீனியும் போச்சு, மறைவும் போச்சு. அது படப்புக்கும் தொழுவத்துக்கும் வீட்டுக்கும் நகர்ந்து வரும். அந்த ரெண்டு மாசம் படியில கிடக்கிறதெல்லாம் சுண்டெலி, புல்லெலி, எப்பவாச்சும் ஒரு சின்ன வெள்ளெலி. பங்குனி, சித்திரையில கரிசல் வெடிச்சுப் பாளம் பாளமா நிக்கும். கை நுழையுற அளவுக்கு வெடிப்பு. அதுக்குள்ள அரணை, தேள், சுண்டெலின்னு ஒரு ஊரே குடியிருக்கும். அப்போ அரணை வாலும் ஓணான் வாலும் கிடக்கும். தவிட்டுக்குருவிக் குஞ்சு நல்லாப் பறக்கப் பழகுறதுக்கு முன்னாடியே கூட்டை விட்டுக் கீழே இறங்கிடும். அந்த ரெண்டு மூணு நாள்ல ஒன்னு ரெண்டு பூனை வாய்க்குப் போகும். ஐப்பசி மழை விழுந்து கண்மாயில தண்ணி சேர்ந்ததும் தவளை. தவளைக்குப் பின்னாலயே பாம்பு.

அருப்புக்கோட்டை டவுனுக்குள்ள, தறி போட்ட வீடுகள்ல கதை வேற. பாவு நூலை எலி கடிச்சு வச்சா நாலு நாள் வேலை போயிரும்னு பயந்தே பூனை வச்சிருக்கிற வீடுகள் உண்டு. அங்க படியில வர்றது பல்லி, கரப்பான், மூஞ்சூறு.

இந்த மூஞ்சூறை மட்டும் கொஞ்சம் கவனிங்க. அது முழு உடம்பாக் கிடக்கும். ஒரு கடி, அவ்வளவுதான், தின்னுருக்காது. மூஞ்சூறுக்கு விலாப்பக்கம் நாத்தம் பிடிச்ச சுரப்பி இருக்கு. பூனை அசைவைப் பார்த்துப் பாயும், கொல்லும், மோந்து பார்க்கும், விட்டுட்டுப் போயிரும். எங்க வீட்டுப் பூனையும் அப்படித்தான், வாசல் கோலத்து நடுவுல மூஞ்சூறை வச்சிட்டு ஒன்னும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கும். இதுல இருந்து ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கலாம். படியில கிடக்கிறதுல நிறைய, பூனை வேண்டாம்னு விட்டது. அது ஆசையாத் தின்னதை நாம பார்க்கிறதே இல்ல.

படியில கிடக்கிறதை உட்கார்ந்து எண்ணினவங்களும் இருக்காங்க. பிரிட்டன்ல 1997ஆம் வருஷம் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரைக்கும், 5 மாசம், 618 வீடுகள்ல 986 பூனைகள் கொண்டு வந்ததை வீட்டுக்காரங்களே குறிச்சு அனுப்பினாங்க. மொத்தம் 14,370 உயிர்கள். அதுல 69 சதவீதம் எலி மாதிரியான பாலூட்டிகள், 24 சதவீதம் பறவைகள், தவளை இனம் 4 சதவீதம், பல்லி பாம்பு இனம் வெறும் 1 சதவீதம். அந்த நாட்டுல அப்போ சுமார் 90 லட்சம் பூனை. அந்தக் கணக்குல 5 மாசத்துக்கு 9 கோடிக்கு மேல இரை வீட்டுக்கு வந்திருக்கும்னு 2003ல கட்டுரை போட்டாங்க. உலகம் பூராம் பூனை வளர்க்கிறவங்களுக்கும் பறவை பார்க்கிறவங்களுக்கும் நடந்த சண்டையில இந்த எண் ரொம்பக் காலம் அடிபட்டுச்சு.

அதுக்குப் பிறகு பூனை கழுத்துல சின்ன கேமரா கட்டிப் பார்க்கிற காலம் வந்துச்சு. அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல ஏதென்ஸ்னு ஒரு ஊர். அங்க 55 வீட்டுப் பூனைகளுக்கு கேமரா கட்டினாங்க. அதுல 44 சதவீதம் பூனைதான் வேட்டையாடுச்சு. மீதி சும்மா ஊர் சுத்திட்டு வந்து படுத்துக்கிச்சு. வேட்டையாடின பூனைகள் பிடிச்சதுல, வீட்டுக்குக் கொண்டு வந்தது 23 சதவீதம். அங்கேயே தின்னது 28 சதவீதம். பிடிச்ச இடத்துலயே போட்டுட்டுப் போனது 49 சதவீதம். அதாவது பாதியைச் சும்மா கொன்னு போட்டுட்டு நடையைக் கட்டியிருக்கு. அங்கேயும் அதிகமா மாட்டுனது எலி இல்ல, ஓணான் மாதிரி ஒரு சின்னப் பல்லி இனம்.

நமக்கு இன்னும் நெருக்கமான கணக்கு தென்னாப்பிரிக்காவுல கேப் டவுன்ல எடுத்தது, 2020ல வந்துச்சு. அங்க பூனை பிடிச்சதுல 18 சதவீதம்தான் வீட்டுக்கு வந்துச்சு. பிடிச்சதுல பாதி ஊர்வன, அதாவது பல்லி, ஓணான், அரணை வகை. ஆனா படிக்கு வந்ததுல ஊர்வன 17 சதவீதம்தான். புரியுதா? பூனை நூறு பிடிச்சா ஐம்பது ஓணான் வகை. நம்ம கண்ணுல படுறது மூணே மூணு. எலி மட்டும் வரிசையா வந்து கிடக்கிறதால "எங்க பூனை எலியைத் தவிர எதையும் தொடாது"ன்னு நாம சத்தியம் பண்ணிட்டு இருப்போம்.

ஓணான்தானே, போனாப் போகுதுன்னு தோணலாம். கரிசல்ல பகல்ல தரையில ஓடுறது பெரும்பாலும் இந்த இனம்தான். பூச்சி தின்கிற வேலையும் அதுக்குத்தான். நம்ம வறண்ட காட்டுல விசிறித்தொண்டை ஓணான்னு ஒன்னு இருக்கு. வேலிக்கருவை இல்லாத திறந்த தரையில, கோடையில, ஆண் ஓணான் ஒரு கல்லு மேல ஏறி நின்னு தொண்டைச் சவ்வை விசிறி மாதிரி விரிச்சு விரிச்சு மடக்கும். இந்த வகையில தென் தமிழ்நாட்டுல வாழுற ஒரு இனத்தை 2016லதான் தனி இனம்னு பிரிச்சாங்க. அதுக்கு வச்ச அறிவியல் பெயர்ல பின்பாதி என்ன தெரியுமா? 'விசிரி'. நம்ம பனையோலை விசிறிதான். கல்லு மேல ஏறி நின்னு எல்லாருக்கும் தெரியுற மாதிரி ஆட்டம் போடுற ஒரு உயிர், பதுங்கி வர்ற பூனைக்கு எவ்வளவு சுலபமான இரைன்னு சொல்ல வேண்டியதில்ல. தரையில கூடு வைக்கிற வானம்பாடி, காடை, கௌதாரிக் குஞ்சுக்கும் இதே நிலைமைதான்.

பூனை கொண்டு வந்து போட்டதாலயே உலகத்துக்குத் தெரிஞ்ச ஒரு பறவையும் இருக்கு. நியூசிலாந்துல ஸ்டீபன்ஸ் தீவு. 1894ல அங்க கலங்கரை விளக்கம் வந்துச்சு, கூடவே பூனையும் வந்துச்சு. உதவிக் காவலரா இருந்த டேவிட் லயல்ங்கிறவர் பூனை கவ்விட்டு வந்த சின்னப் பறவைகளைப் பார்த்து, இது புதுசா இருக்கேன்னு எடுத்து வச்சு அனுப்பினார். அந்த வருஷக் கடைசியிலேயே வால்டர் ராத்சைல்டு அதுக்குப் பெயர் வச்சு அறிவிச்சார். பறக்கத் தெரியாத குருவி. பெயர் வச்ச மை காயுறதுக்குள்ள இனமே காலி. ஒத்தைப் பூனை ஒரு இனத்தையே அழிச்சதுன்னு இதை ரொம்ப நாள் சொல்லிட்டு இருந்தாங்க. 2004ல ரெண்டு ஆய்வாளர்கள் பழைய கடிதங்களையெல்லாம் தோண்டிப் பார்த்து, ஒரு பூனை இல்ல, தீவுல பெருகிப் போன பூனைக் கூட்டம்னு திருத்தினாங்க.

நம்ம கரிசக்காடு தீவு இல்ல. இங்க கீரி, காட்டுப்பூனை, சாரைப்பாம்பு, வல்லூறுன்னு எல்லாரும் ரொம்பக் காலமா எலியையும் ஓணானையும் தின்னுட்டு வர்றாங்க. காட்டுப்பூனைக்கு வெருகுன்னு பழைய பெயர். தொல்காப்பியம் மரபியல்ல கீரி, வெருகு, எலி, அணில் நாலோட குஞ்சு குளுவானுக்கும் 'குட்டி'ன்னு சொல்லலாம்னு ஒரே சூத்திரத்துல சேர்த்து வச்சிருக்கு. தின்கிறதையும் தின்னப்படுறதையும் ஒரே வரியில உட்கார வச்ச அழகை நினைச்சுச் சிரிச்சுக்குவேன். ஆனா வெருகுக்கும் வீட்டுப் பூனைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மழை பொய்ச்சு எலி குறைஞ்சா வெருகும் குறையும். குட்டி பிழைக்காது. வீட்டுப் பூனைக்கு அந்தக் கவலை கிடையாது, சாயங்காலம் நாம சோறு வைப்போம். எலியே இல்லாத வருஷத்துலயும் பூனை எண்ணிக்கை அப்படியே நிக்கும், மிச்சம் மீதி இருக்கிற குஞ்சையும் ஓணானையும் அது தேடிப் போகும்.

சரி, ஏன் வீட்டுக்குக் கொண்டு வருது? "நமக்குப் பரிசு கொடுக்குது", "நாம வேட்டையாடத் தெரியாத மக்குன்னு நினைச்சு ஊட்டி விடுது"ன்னு யூட்யூப்ல நிறையச் சொல்றாங்க. கேட்க நல்லா இருக்கு. எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல. தாய்ப்பூனை குட்டிகளுக்கு முதல்ல செத்த இரையைக் கொண்டு வரும், அப்புறம் குத்துயிரா, கடைசியா முழு உயிரோட கொண்டு வந்து விட்டுப் பழக்கும். இது உறுதியாத் தெரிஞ்ச விஷயம். அந்தப் பழக்கத்தோட மிச்சம் குட்டி இல்லாத பூனைக்கும் இருக்கலாம். இன்னொன்னு, பிடிச்ச இடத்துல தின்னா நாய் வரும், இன்னொரு பூனை வரும். பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு போய்த் தின்கிறதுதான் புத்திசாலித்தனம். அதுக்குப் பாதுகாப்பான இடம் நம்ம அடுப்படியும் கட்டில் அடியும்.

1976ல ஒரு சோதனை பண்ணினாங்க. பூனை நல்ல ருசியான தீனியைத் தின்னுட்டு இருக்கும்போது கொஞ்சம் தள்ளி ஒரு எலியை விட்டாங்க. பூனை தீனியை விட்டுட்டுப் போய் எலியைக் கொன்னுச்சு. கொன்ன எலியைத் தூக்கிட்டு வந்து தட்டுப் பக்கத்துல போட்டுட்டு, பழையபடி தட்டுல இருந்ததையே தின்ன ஆரம்பிச்சுது. வேட்டைக்கும் பசிக்கும் தனித்தனி விசை. வயிறு நிறைஞ்ச பூனையும் பாயும். ஏன்னா எலி மாதிரி சின்ன இரையை நாளைக்குப் பல தடவை பிடிச்சாத்தான் வயிறு நிறையும். பசிச்ச பிறகு கிளம்புவோம்னு இருந்திருந்தா அந்த இனமே பிழைச்சிருக்காது.

அதனால "சோறு போட்டா வேட்டையாடாது"ங்கிறதும் சரியில்ல, "சோறு போடாம விட்டாத்தான் எலி பிடிக்கும்"ங்கிறதும் சரியில்ல. என்ன சோறு போடுறோம்ங்கிறதுலதான் விஷயம் இருக்கு.

நம்ம வீடுகள்ல பூனைக்கு என்ன வைக்கிறோம்? பால் சோறு, தயிர்ச் சோறு, ஞாயித்துக்கிழமை ஆனா கருவாட்டுத் தலை. பூனை கறி மட்டுமே தின்னு வாழப் பிறந்த உடம்பு. டாரின்னு ஒரு சத்து அதுக்குக் கட்டாயம் வேணும். வேணுங்கிற அளவுக்கு அதோட உடம்பாலேயே செஞ்சுக்க முடியாது. கறியிலயும் மீன்லயும்தான் இருக்கு. அரிசியில சுத்தமாக் கிடையாது. அது குறைஞ்சா கண் பார்வை போகும், இதயம் வீங்கும். வளர்ந்த பூனை பலதுக்குப் பாலும் செரிக்காது. அப்போ தயிர்ச் சோறு தின்ன பூனை, வயிறு நிறைஞ்சிருந்தாலும், உடம்பு கேட்கிற சத்துக்கு ஓணானைத்தான் தேடிப் போகணும்.

இதுக்குச் சாட்சி மாதிரி ஒரு ஆய்வு இங்கிலாந்துல எக்ஸிடர் பல்கலைக்கழகத்துல பண்ணினாங்க, 2021ல வந்துச்சு. 219 வீடு, 355 பூனை, 12 வாரம். தானியம் கலக்காத, கறிச் சத்து அதிகமான தீனி கொடுத்த பூனைகள் வீட்டுக்குக் கொண்டு வர்ற இரை 36 சதவீதம் குறைஞ்சுது. தினமும் 5, 10 நிமிஷம் கயிறு, இறகு வச்சு விளையாட்டுக் காட்டின வீடுகள்ல 25 சதவீதம் குறைஞ்சுது. கழுத்துல மணி கட்டினதால குறிப்பிடும்படி ஒன்னும் குறையலை. பளிச்சுன்னு நிறம் போட்ட துணிப்பட்டி கழுத்துல கட்டின பூனைகள் பறவை கொண்டு வர்றது மட்டும் 42 சதவீதம் குறைஞ்சுது, பறவைக்கு நிறம் தெரியும்ங்கிறதால. எலிக்கு அது உதவலை. தீனியை உள்ள போட்டு உருட்டித் தின்ன வைக்கிற பொம்மை கொடுத்த வீடுகள்ல வேட்டை கூடிப்போச்சு, எரிச்சல்ல போய்ப் பிடிச்சதோ என்னவோ.

கடையில விக்கிற பூனைத் தீனி வாங்கச் சொல்லலை, அந்த விலைக்கு வீட்டுக்கே மீன் எடுத்துரலாம். கறிக்கடையில கோழிக் குடல், கழுத்து, தோல்னு ஒதுக்குறதைச் சும்மாவே கொடுப்பாங்க. சந்தையில நெத்திலி, சாளை மலிவு. உப்பு, மிளகாய் இல்லாம வேக வைங்க. வெந்த தண்ணியைக் கீழே ஊத்திராதீங்க, நான் சொன்ன அந்தச் சத்து தண்ணியில இறங்கிடும். அதோட சேர்த்துக் கொடுங்க. கருவாடுன்னா ரெண்டு தடவை ஊற வச்சு உப்பை எடுத்துட்டுக் கொடுங்க. சோறு கொஞ்சம் பிசைஞ்சா தப்பில்ல, சோறே தீனியா இருக்கக் கூடாது.

இப்போ அந்த வீட்டுக்காரர் பக்கத்துக்கு வர்றேன். பூனை போனா மூட்டையெல்லாம் எலிக்குன்னார். பாதி சரி. சுண்டெலி, இளம் எலி இதையெல்லாம் பூனை நல்லாவே பிடிக்கும். பெருச்சாளியையும் நல்லா வளர்ந்த எலியையும் கண்டா பெரும்பாலான பூனை ஒதுங்கிப் போயிரும். நியூயார்க்ல புரூக்ளின்ல ஒரு குப்பை பிரிக்கிற கிடங்கு. எலி மண்டிக் கிடக்கிற இடம், பூனைகளும் உண்டு. கேமரா வச்சு 79 நாள் பதிவைப் பார்த்தாங்க. பூனை கொன்ன எலி மொத்தம் ரெண்டு. எலி குறையலை, பூனை வாசனைக்கு ஒளிஞ்சு நடக்கக் கத்துக்கிச்சு. 2018ல வந்த கட்டுரை இது. தகரக் குதிர், தரையில இருந்து உயர்த்தின மேடை, ஓட்டையை அடைக்கிறது, பொறி, இதெல்லாம் பண்ணினாத்தான் மூட்டை பிழைக்கும். பூனை அதுக்குத் துணை.

ஆனா எலியை நம்பிப் பூனை வச்சிருக்கிற அதே வீட்ல எலி மருந்தும் வைக்கிறாங்க பாருங்க, அதுதான் எனக்கு வயித்தைக் கலக்குது. புரோமடியோலோன்னு ஒரு வகை, கட்டி கட்டியாக் கடையில கிடைக்கும். அதைத் தின்ன எலி அன்னைக்கே சாகாது. மூணு நாலு நாள் ஆகும். ரத்தம் உறையாம, உள்ளுக்குள்ள கசிஞ்சு, மெதுமெதுவாத் தள்ளாடும். தள்ளாடுற எலியைத்தான் பூனை முதல்ல பிடிக்கும். ஒரு எலியில பூனை செத்துராது, நாலஞ்சு தின்னா ஈரல்ல மருந்து சேர்ந்துகிட்டே போகும். ஈறு வெளுத்துப் போறது, மூக்குல, மலத்துல ரத்தம், சோர்ந்து படுக்கிறது, இதெல்லாம் தெரிஞ்சா உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. வைட்டமின் கே1 போட்டுக் காப்பாத்த முடியும். மருந்து அட்டையையும் கையோட கொண்டு போங்க. வயல்ல வைக்கிற ஜிங்க் பாஸ்பைடு கதை இன்னும் வேகம், எலி வயித்துக்குள்ள இருக்கிற மருந்தே விஷம். மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசையைத் தமிழ்நாட்டுல தடை பண்ணியாச்சு. பழைய டியூப் எங்கயாச்சும் பரண்ல கிடந்தா அது பூனைக்கு மட்டும் இல்ல, பிள்ளைகளுக்கும் எமன். பூனையா, மருந்தா, ஒன்னை முடிவு பண்ணுங்க. ரெண்டும் ஒரே வீட்ல ஆகாது.

படியில செத்த எலி கிடந்தா வெறுங்கையில தொடாதீங்க, வாலைப் பிடிச்சுத் தூக்கி வீசவும் வேண்டாம். பாலித்தீன் பையைக் கையில மாட்டி எடுத்துப் புதைங்க, தரையைக் கழுவி விடுங்க. எலி மூத்திரத்துல எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். வீட்ல கர்ப்பமா இருக்கிறவங்க பூனை மலத்தை அள்ளக் கூடாது, வேற யாராவது தினமும் அள்ளிரணும். எலி, குருவி தின்ன பூனை வழியா வர்ற டாக்ஸோபிளாஸ்மாங்கிற கிருமி ஒரு நாளுக்கு மேல கிடந்த மலத்துலதான் தொத்துற நிலைக்கு வரும்.

இனி அந்த அக்காவுக்கு. மாமியார் பயப்படுறதுல நியாயம் இருக்கு. நம்ம பக்கம் கட்டுவிரியன், சுருட்டை விரியன், கண்ணாடி விரியன், நல்ல பாம்பு நாலும் உண்டு. இந்தியாவுல 2000த்துல இருந்து 2019 வரைக்கும் பாம்புக் கடியில சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்காங்கன்னு கணக்கு, வருஷத்துக்கு 58,000 பேர். அதுல கட்டுவிரியன் ராத்திரி, தரையில தூங்குறவங்களைக் கடிக்கும். வலிக்காது, தடம்கூடச் சரியாத் தெரியாது. விடியக்காலையில வயித்துவலி, கண் இமை தூக்க முடியலைன்னு எழுந்திருப்பாங்க. அப்படி யாராவது சொன்னா, பாம்பைத் தேடிட்டு நிக்காம, கட்டுப் போடாம, கீறாம, 108க்குக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. விஷமுறிவு மருந்து அங்க இலவசம்.

ஆனா பூனையைச் சாக்குல கட்டி விடுறது வழியில்ல. படப்புல எலி இருக்கிற வரைக்கும் பாம்பு வரத்தான் செய்யும். பூனை தூக்கிட்டு வந்தது ஒன்னு, தானா வர்றது எத்தனையோ. பட்டினி கிடக்கிற மாதிரி மிருகத்தைக் கைவிடுறது 1960ஆம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

செய்ய வேண்டியது ராத்திரிக் கதவு. பொழுது சாயுறப்போ கறித் தீனியை உள்ள வைங்க, பூனை தானா வந்திரும், வந்ததும் அடைச்சிருங்க. ஒரு தட்டு மண், தண்ணி போதும். முதல் வாரம் கத்தும், கதவைப் பிராண்டும், வீட்ல எல்லாருக்கும் தூக்கம் கெடும். அதைத் தாங்கிட்டீங்கன்னா பழகிரும். அடைக்க இடமே இல்லைன்னா தலைகீழாப் பண்ணுங்க: பூனை வெளியில, நீங்க படுக்கிற அறைக்கதவு சாத்தி, கீழ் இடுக்குல துணி. எப்படி இருந்தாலும் பிள்ளையும் தாயும் கட்டில்ல, கொசுவலையை மெத்தைக்கு அடியில சொருகித்தான் படுக்கணும். பூனை பாம்போட வந்துட்டா விரட்டாதீங்க, விரட்டினா வாயில இருக்கிறதை அங்கேயே போட்டுட்டு ஓடும். பிள்ளையைத் தூக்கிட்டு வெளியே வந்து கதவைச் சாத்திட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்க. செத்த மாதிரி கிடக்கிற பாம்பும் கடிக்கும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, மறைக்காம சொல்லிடுறேன். முதல்ல சொன்ன அந்த 618 வீட்டுக் கணக்குல, ராத்திரி அடைச்சு வச்ச பூனைகள் எலி கொண்டு வர்றது குறைஞ்சுது. பல்லி, தவளை இனம் கொண்டு வர்றது கூடிப்போச்சு. ராத்திரி விட்ட வேட்டையைப் பகல்ல பிடிக்குது. பிள்ளை படுத்திருக்கிற வீட்ல ராத்திரி அடைக்கிறதுதான் முக்கியம், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஓணானுக்கும் குஞ்சுகளுக்கும் செய்யணும்னா காலையிலயும் கறித் தீனி, கொஞ்சம் விளையாட்டு, கோடையில குஞ்சு இறங்குற நாட்கள்ல பகல்லயும் உள்ள. அப்புறம் பூனைக்குக் கருத்தடை பண்ணிருங்க. குட்டி போட்ட பூனைதான் ஓயாம இரை சுமக்கும். குட்டிகளும் நாளைக்கு உங்க படப்புலதான் நிக்கும்.

கடைசியா, உயிரோட வர்ற அணில், குருவி. திருச்சுழியில 1879ல பிறந்த ரமணர், திருவண்ணாமலையில பூனை தின்னுட்டுப் போன தாய் அணிலோட குட்டிகளைத் தானே கவனிச்சுக்கிட்டதா அவரோட உரையாடல் பதிவுல வருது. நீங்க அதே மாதிரி வளர்க்கிறதுக்கு முன்னாடி ஒன்னு: பூனைப் பல்லுல இருக்கிற கிருமி அணிலையும் குருவியையும் ரெண்டு நாளைக்குள்ள கொன்னுரும், காயம் ஊசி முனை அளவுதான் இருந்தாலும். மஞ்சள் பத்தினா போதாது. காத்து ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில துணி விரிச்சு, இருட்டா, கதகதப்பா வச்சு, அன்னைக்கே கால்நடை மருத்துவர்கிட்டக் கொண்டு போங்க, வனத்துறைக்கும் சொல்லுங்க. பசும்பால் ஊத்தாதீங்க, தண்ணியை வாயில சொட்டவும் வேண்டாம், மூச்சுக்குழல்ல போயிரும். அதுக்கெல்லாம் முன்னாடி, பூனையைத் தூக்கி அடுத்த அறையில போட்டுக் கதவைச் சாத்துங்க. அது திரும்பத் தேடி வரும்.

அக்கா, அடுத்த மாசம் ராத்திரிக் கதவு எப்படிப் போகுதுன்னு ஒரு குரல் பதிவு அனுப்புங்க.